ரேஸ் கார் தொழில்நுட்பம், ரோட்டில் ஓட்டும் காருக்கு இன்ஜின் கட்டவும் டர்போ போடவும் உண்மையிலேயே உதவுகிறதா, வெறும் விளம்பரமா?

உதவுகிறது. ஆனால் பலர் ரேஸிலிருந்து பார்ட்ஸை வாங்கிக்கொள்கிறார்கள், வேலை செய்யும் முறையை விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் கட்டுகிறவன் என்ற முறையில், முறைதான் முக்கியம் என்பேன்.

எக்ஸாஸ்ட் வாயுவால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதோடு சுழலும் கம்ப்ரசரால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. 1977-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ரெனோ முதல் டர்போ எஃப்1 காரை இறக்கியது. அடிக்கடி புகை விட்டு நின்றதால் ‘மஞ்சள் டீப்பாட்’ என்று கேலி செய்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே பவர் வராது. வரும்போது மொத்தமாக வரும். ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு இரண்டு சின்ன டர்போக்களை வைத்தார்கள். சின்ன டர்பைன் சீக்கிரம் சுழலும். அந்த அமைப்போடு 1979-ல் பிரான்ஸின் டிஜோனில் ஜெயித்தார்கள். இன்றைக்கும் ரோடு காருக்கு டர்போ கேட்டு வருகிறவர்கள் இருப்பதிலேயே பெரியதைத்தான் காட்டுகிறார்கள்! தினசரி ஓட்டும் ஆர்பிஎம்மில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

டர்போவில் பூஸ்டை (டர்போ கூட்டும் காற்றழுத்தத்தை) விடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 25 டிகிரி காற்றை 1 பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) பூஸ்டுக்கு அழுத்தினால், கம்ப்ரசர் 70 சதவீதத் திறனோடு இருந்தாலும் வெளியே வரும் காற்று 120 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று விரிந்துவிடுவதால், அழுத்தம் இரண்டு மடங்கானாலும் உள்ளே போகும் காற்று ஒன்றரை மடங்குதான். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 1.85 மடங்கு கிடைக்கும், நாக் ஆகும் (எரிபொருள் கலவை தானாகவே வெடிக்கும்) அபாயமும் குறையும். ரேஸ் டீம்கள் இன்டர்கூலருக்குக் காற்று போகும் வழிக்கு ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். ரோடு காரில் பெரிய இன்டர்கூலரை வாங்கி, காற்றே படாத மூலையில் மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இன்ஜின் கட்டும் பக்கம் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்: டார்க் (முறுக்கு விசை) பிளேட். ஹெட்டின் (சிலிண்டருக்கு மேலே மூடும் பாகம்) போல்ட்களை முறுக்கும்போது சிலிண்டரின் வட்டம் லேசாகக் கோணிவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அதனால் ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் தடிமனான இரும்புத் தட்டை வைத்து, ஹெட்டுக்கான அதே டார்க்கில் முறுக்கி, அந்த நிலையிலேயே ஹோனிங் செய்வார்கள் (சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சரிசெய்வது). தட்டைக் கழற்றி, உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டால் வட்டம் கோணலாகக் காட்டும். பயப்பட வேண்டாம், ஹெட் ஏறியதும் சரியாகிவிடும். பிஸ்டன் ரிங் நன்றாக உட்காரும், ஆயில் குடிப்பது குறையும். ரேஸ் இன்ஜின்காரர்கள் பிடிவாதமாகச் செய்யும் இந்த வேலை ரோடு இன்ஜினுக்கும் அப்படியே பொருந்தும்.

பிஸ்டன் அப்படியல்ல. ரேஸில் விரும்பும், 2618 என்ற அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த (ஃபோர்ஜ்டு) பிஸ்டனில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியை அதிகம் விட்டுக் கட்ட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடாகும் வரை தட்டும். தினமும் ஓட்டும் காரில் மிதமான பூஸ்ட்தான் என்றால், சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உள்ள 4032 கலவை பெரும்பாலும் போதும்.

ராலி கார்களின் ஆன்டி-லேக் பக்கமே போகாதீர்கள். டர்பைன் வேகம் குறையாமல் இருக்க எரிபொருளை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே எரிக்கும் ஏற்பாடு அது. டர்போவும் மேனிஃபோல்டும் சீக்கிரம் போய்விடும். ராலி டீமுக்கு மாற்ற ஆள் இருக்கிறது.

கடைசியாக, ட்யூனிங். டைனோவில் (பவரை அளக்கும் கருவியில்) ஒரே ஒரு ஓட்டம் ஓட்டி, வந்த குதிரைத்திறனைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அடுத்தடுத்து பல ஓட்டங்கள் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு உள்ளே போகும் காற்றின் வெப்பம், ஏர்-ஃபியூல் விகிதம், நாக் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று லாக்கை (பதிவை) காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.