ரசமலா கருகுவது உரக் குறையால் அல்ல

கேள்வி: மீஞ்சூர் பக்கம் வீட்டை ஒட்டி 20 சென்ட் இருக்கிறது. நர்சரியில் "ரசமலா, சாம்பிராணி மரம், பத்து வருஷத்தில் பிசின் எடுத்தே சம்பாதிக்கலாம்" என்றார்கள். ஆறடிக் கன்று ஒன்று 450 ரூபாய் என்று பத்து வாங்கி ஐப்பசியில் நட்டேன். போர் தண்ணீர்தான் விடுகிறேன். மாசியிலிருந்து இலை ஓரம் கருகுகிறது. யூரியா எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு பிடிகூட வேண்டாம். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முழுசாக வெளுக்கும். ஓரத்தில் தொடங்கி உள்ளே ஏறும் கருகல் பெரும்பாலும் உப்பு. அதன் மேல் யூரியாவும் போட்டால் வேர் இன்னும் திணறும்.

நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "என் போர் தண்ணீர் எப்படி?" என்று. அளவுக்கு மீறி இறைத்து இறைத்து மீஞ்சூர் நிலத்தடியில் கடல்நீர் ஏறி வருஷக்கணக்காகிறது. ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன் (EC) மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் ரசமலாவை மறந்துவிடலாம். அது அசாம், மியான்மர், சுமத்ரா, ஜாவாவின் ஈரமான மலைக்காட்டு மரம். அங்கே 40 மீட்டருக்கு மேலும் வளரும். நமக்கோ மழை கார்த்திகையோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை முதல் சித்திரை வரை தூறலுக்கே பஞ்சம். சாம்பிராணி மரமும் வேறு, குடும்பமே வேறு. ரசமலாவிலும் வாசனைப் பிசின் உண்டு, ஆனால் மீஞ்சூரில் அதை விற்று வீடு கட்டலாம் என்றவர் கன்று விற்கத்தான் சொன்னார்.

அந்த ஆறடிக்கு வருகிறேன். மோசமான கன்று ஒன்றைத் தோண்டி எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். சின்னப் பையில் வருஷக்கணக்கில் கிடந்த வேர் அடியில் இடியாப்பம் மாதிரி சுருண்டிருக்கும். ஆணிவேர் கீழே போக வழியில்லாமல் தன்னையே சுற்றும். மேலே மரம் பெருக்கும், கீழே பிடிப்பு இருக்காது. 2016 வர்தா புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் விழுந்து கிடந்தவற்றில் இரண்டின் அடியில் பை வடிவமே அப்படியே இருந்தது. நான் எப்போதும் ஒன்றரை அடிக்கு மேல் கன்று வாங்குவதில்லை. உயரத்துக்குக் காசு கேட்கிற நர்சரியில் பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

சரி, இருப்பதில் நல்லதாக இரண்டை மட்டும் காப்பாற்றுங்கள். சுருண்ட வேரை நறுக்கிவிட்டு, இலைமக்கு கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றி, மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிடித்து வைத்த மழைநீர்தான் ஊற்ற வேண்டும். அடியில் சருகு மூடாக்கு கட்டாயம். மற்ற எட்டுக் குழிக்கும் புன்னை, பூவரசு, புங்கன். உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் அவற்றுக்குப் பழக்கம். அப்புறம், புன்னை விதை காசு கொடுத்து வாங்காதீர்கள், மரத்தடியில் பொறுக்கலாம்.