ஒரு ‘ட்’ குறைந்த பதில்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலத் தேர்வில் ‘ஹி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ‘அவர் ஒரு ஓட்டலை ஓடுகிறார்’ என்று எழுதிவிட்டாள். விடைத்தாளை வகுப்பில் படித்துக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. இரண்டு பேரும் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ‘ரன்’ என்ற சின்னச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறது. ‘இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமாம்மா?’ என்று கேட்கிறாள். நான் தமிழ் வழியில் படித்தவள், எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு அர்த்தம்? இதை எப்படித்தான் படிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் ஒரே ஒரு ‘ட்’டைத்தான் விட்டிருக்கிறாள். ‘ஓட்டலை ஓட்டுகிறார்’ என்று எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். எழுத்தில் ‘நடத்துகிறார்’ என்பதுதான் வழக்கம், சரி. ஆனால் வியாபாரம் எப்படி என்று கேட்டால் ‘ஏதோ கடைய ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று சொல்கிற கடைக்காரரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘ரன்’னுக்கும் கடைக்கும் உள்ள உறவை அந்தக் குழந்தை சரியாகவே பிடித்திருக்கிறாள். அவள் அழ வேண்டியதே இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

தமிழில் ஒன்று தானாக நடந்தால் ஒரு வடிவம், அதை இன்னொருவர் நடக்க வைத்தால் வேறு வடிவம். வண்டி ஓடுகிறது, டிரைவர் வண்டியை ஓட்டுகிறார். வெண்ணெய் உருகுகிறது, அம்மா வெண்ணெயை உருக்குகிறாள். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் வெண்ணெய் உருகினாலும் ‘மெல்ட்’தான், அம்மா உருக்கினாலும் ‘மெல்ட்’தான். பின்னால் ஒரு பொருள் வருகிறதா என்பதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். ‘ஹி ரன்ஸ்’ என்று நின்றுவிட்டால் ஓடுகிறார். பின்னால் ‘எ ஹோட்டல்’ வந்துவிட்டால் அவர் ஓடவில்லை, ஓட்டலை ஓட்டுகிறார்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த ஜோடிகள் நிறைய இருந்தன. இன்றும் மிச்சம் இருக்கின்றன. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்பது அதன் பிறவினை, உட்கார வை. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘லை’ படு, ‘லே’ கிடத்து. நாம் மெய்யெழுத்தை இரட்டிப்பது போல அவர்கள் உயிரெழுத்தை மாற்றினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ‘ரின்னன்’ என்று ஒரு சொல், ஓட்டுவதற்கு அதே வேரிலிருந்து வேறொரு சொல். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது. காலப்போக்கில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றன. நம் ‘ஓடு’வும் ‘ஓட்டு’வும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற மாதிரி. ‘ரன்’னுக்கு இவ்வளவு அர்த்தம் சேர்ந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் தண்ணீர். மனிதன் ஓடுவதைப் பார்த்து, பிறகு தண்ணீருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே ‘ரின்னன்’ நீர் ஓடுவதையும் குறித்தது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதற்குத்தான் பயன்படுகிறது. தமிழிலும் இப்படித்தானே? ஓடை என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், உள்ளே ஓடு இருக்கிறது. இந்த நீர்வழியில் போனால் ஆங்கிலத்தில் மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். துணியின் நிறம் ‘ரன்’ ஆகும், நமக்குச் சாயம் போகும். குழாய் ‘ரன்’ ஆகும்.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. ஆலையில் எந்திரம் ‘ரன்’ ஆனது, ரயில் ‘ரன்’ ஆனது, பிறகு சினிமாவும் கணினி நிரலும் ‘ரன்’ ஆயின. இங்கும் தமிழ் பின்தங்கவில்லை. ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது.

அகராதி செய்கிறவர்களுக்கே இந்தச் சொல் பெரிய வேலை கொடுத்திருக்கிறது. 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், மேலே சொன்ன ‘செட்’தான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. மூன்றாம் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டு வந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு பதிவை முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்கு ஒன்பது மாதம் ஆனதை, பன்னிரண்டு வயதுக் குழந்தை பரீட்சைக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்ய முடியுமா? வேண்டவே வேண்டாம். சொல்லுக்கு எதிரே அர்த்தங்களை வரிசையாக எழுதி உருப்போட வைக்கும் பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. அப்படிப் படிக்கிற பிள்ளை பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்து எழுதும். அதன் விளைவைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

பின்னே எப்படிப் படிப்பது? தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். கூட வரும் வினையால் பொருள் தெளிவாகிவிடும் சொல் ஒன்று, அப்படித் தெளிவாகாத சொல் இன்னொன்று. உரையாசிரியர்கள் ‘மா’வை உதாரணம் காட்டுவார்கள். ‘மா பூத்தது’ என்றால் மரம்தான், விலங்கு பூக்காது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்று தெரியாது. பெயர்ச்சொல்லின் பொருளை அங்கே வினை காட்டிக்கொடுக்கிறது. ‘ரன்’ விஷயத்தில் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் வினையைக் காட்டிக்கொடுக்கும். ஆறா, மூக்கா, பஸ்ஸா, கடையா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் பொருள் விழுந்துவிடும்.

விழாத இடங்களும் உண்டு. அவற்றைச் சொற்றொடராகவே பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. ‘ரன் இன்டு’ ஒருவரைத் தற்செயலாக எதிரே பார்ப்பது. ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்பது காய்ச்சல் அடிப்பது. அமெரிக்காவில் தேர்தலில் ‘ரன்’ பண்ணுவார்கள், அதையே பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். நம் வேட்பாளர்களும் நிற்கத்தான் செய்கிறார்கள். வங்கி திவாலாகிவிடுமோ என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போனால் அதுவும் ‘ரன்’. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அப்படி நின்றதற்குப் பெயர் ‘ரன்’! கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ‘ரன்’. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இதை ரன் என்றே எழுதுகின்றன, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓட்டங்கள் என்கின்றன. எனக்கு ஓட்டங்கள்தான் பிடித்திருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆங்கிலத்தை ஒரு வாரம் மறந்துவிட்டு, வீட்டிலும் தெருவிலும் ‘ஓடு’ என்ற சொல் வருகிற பேச்சையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். பொழுது ஓடிவிட்டது. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. வீட்டை விட்டு ஓடிவிட்டான். உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது. இவற்றை யாரும் அவளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை, ஆனால் அத்தனையும் அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஆங்கிலத்தில் ‘ரன்’ வருமா வராதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொழுது வராது, ‘டைம் ஃப்ளைஸ்’ என்று அங்கே பறந்துவிடும். கையும் காலும் வராது. ரேகை வரலாம். வருவதைவிட வராத இடங்களில்தான் அவள் அதிகம் கற்றுக்கொள்வாள். நான் இங்கே சொல்லாத ‘ஓடு’ ஏதாவது அவளுக்குக் கிடைத்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.