ஆங்கில 'ஃபோல்ட்': மடிப்பு, மடங்கு, பட்டி

கேள்வி: ஐயா, 'ஃபோல்ட்' என்றால் மடிப்பதுதானே? 'டூஃபோல்ட்' என்றால் மட்டும் ஏன் இரண்டு மடங்கு? மடிப்புக்கும் கணக்குக்கும் என்ன உறவு?

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. நீங்கள் எழுதிய 'மடங்கு' என்ற சொல்லைப் பாருங்கள். துணியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு. அடுக்குகளை எண்ணத் தொடங்கியதும் மடிப்பு கணக்காகிவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் மடிப்பதற்கு 'ஃபெஆல்டன்' என்றார்கள்; எண்களோடு 'ஃபெஆல்ட்' என்ற ஒட்டு சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் மடிப்பது 'ஃபால்டென்'தான். லத்தீனிலும் இதே கதை: 'டபுள்' என்பதற்கு மூலமான சொல்லுக்கு இருமடிப்பு என்று பொருள், 'சிம்பிள்' என்பதன் மூலத்துக்கு ஒரே மடிப்பு. எத்தனையோ மடிப்புகள் போட்டால் அதுதான் 'மல்டிப்ளை', பெருக்கல். தமிழ் இந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. ஆனாலும் துணியை மடித்த கையைப் பார்த்து நம்மவர்களுக்கும் அதே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது. சொல் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: அப்படியென்றால் ஆட்டுப்பட்டிக்கும் ஏன் 'ஃபோல்ட்' என்று பெயர்? வேலியை வளைத்து மடக்கிக் கட்டுவதாலா?

பதில்: இல்லை, அது தனிச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஃபாலோட்' என்று இருந்தது, தேய்ந்து தேய்ந்து மடிப்போடு ஒரே ஒலியில் வந்து நின்றுவிட்டது. நமக்கு எண்ணும் ஆறு, ஓடுவதும் ஆறு அல்லவா, அப்படித்தான். பிரிந்து போனவர் 'பேக் டு த ஃபோல்ட்' வந்தார் என்றால், பட்டிக்குத் திரும்பிய ஆடு போலத் தன் கூட்டத்தோடு சேர்ந்தார் என்று பொருள். மொழிபெயர்ப்பவர்கள் இங்கே மடிப்பைத் தேடக் கூடாது.

கேள்வி: கண்கட்டுத் துணிக்கு 'பிளைண்ட்ஃபோல்ட்' என்பது, துணியை மடித்துக் கட்டுவதால் வந்ததுதானே?

பதில்: அப்படி நினைத்து நினைத்தே மக்கள் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார்கள்! முதலில் அது 'பிளைண்ட்ஃபெல்ட்'. கண் தெரியாதபடி அடிக்கப்பட்டவர் என்று பொருள். மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்' என்கிறோமே, அதன் உறவு. கட்டுவது துணி, துணி என்றால் மடிப்பு என்று 16ஆம் நூற்றாண்டில் 'ஃபோல்ட்' உள்ளே நுழைந்துவிட்டது.

கேள்வி: கட்டடத்துச் சாரம், 'ஸ்கஃபோல்ட்'?

பதில்: உறவே இல்லை. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது.

கேள்வி: ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் 'ஃபோல்ட்' ஆனது என்கிறார்களே?

பதில்: நிமிர்ந்து நின்றது மடங்கி விழுந்துவிட்டது என்ற எண்ணம்தான். சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதும் அதுவே. தமிழிலும் துணியை மடிக்கிறோம், போரில் வீரர்கள் மடிந்தார்கள் என்றும் சொல்கிறோம்.

கேள்வி: இந்தச் சொல் வேறு மொழிக்கும் போயிருக்கிறதா?

பதில்: இதன் உறவுச்சொல் ஒன்று போயிருக்கிறது. ஃபிராங்க் என்ற பழைய ஜெர்மானிய இன மக்களின் பேச்சில் மடக்கு முக்காலிக்கு 'ஃபால்டிஸ்டோல்' என்பது போன்ற ஒரு பெயர் இருந்தது. அது பிரெஞ்சுக்குள் போய் 'ஃபோத்தேய்' ஆனது. இன்று அந்தப் பெயர் கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலிக்கு. அதை மடக்கவே முடியாது.