எம்பிஏ படித்தால் என் சம்பளம் என் கைக்கு வருமா?

மேடம், வணக்கம்.

எனக்கு 26 வயது. பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நாலு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு (ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனத்துக்கு) மெயில் போடுவது, சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, டையிங், பிரிண்டிங், தையல் எல்லாம் ஷிப்மெண்ட் தேதிக்குள் முடிகிறதா என்று துரத்திக்கொண்டே இருப்பது, இதுதான் என் வேலை. சம்பளம் 24,000 ரூபாய்.

அந்தப் பணத்தை நான் பார்த்ததே இல்லை. ஏடிஎம் கார்டு அப்பாவிடம் இருக்கிறது. பேங்கில் கொடுத்திருப்பதும் அவருடைய போன் நம்பர்தான். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்கும் டீக்கும் 500 ரூபாய் எடுத்து மேஜைமேல் வைப்பார். வாரத்தின் நடுவில் தீர்ந்துவிட்டால் எதற்கு என்று சொல்லி வாங்க வேண்டும். நாப்கினுக்குக்கூட அம்மா மூலமாகத்தான் கேட்கிறேன். தம்பியின் இன்ஜினியரிங் பீஸ் என் சம்பளத்தில்தான் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யாரும் அதைச் சொல்வதே இல்லை.

அப்பா கெட்டவர் இல்லை. கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்படியாகாமல் தறிக்குடோனை விற்றுவிட்டார். அதிலிருந்துதான் எல்லாக் கணக்கையும் இறுக்கிப் பிடிக்கிறார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் பத்து நாள் என்னுடன் பேச மாட்டார். அதை என்னால் தாங்க முடியாது.

என் பெரியம்மா மகள் எம்பிஏ முடித்துவிட்டு பெங்களூரில் இருக்கிறாள். அவள் சம்பளம் அவள் கையில். வீட்டில் எல்லாரும் அவளிடம் யோசனை கேட்கிறார்கள். நானும் எம்பிஏ முடித்தால் அந்த மரியாதை கிடைக்கும் என்று தோன்றுகிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு, கல்விக் கடன் வாங்கிச் சேரலாமா? பணத்துக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் நிற்க இந்தப் படிப்பு உதவுமா?

பெயர் வேண்டாம்,
திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மார்க்கெட்டிங் பிடிக்குமா, பைனான்ஸ் பிடிக்குமா, படித்துவிட்டு என்ன வேலைக்குப் போக ஆசை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பெரியம்மா மகளைப் பற்றி எழுதும்போதும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை. அவள் சம்பளம் அவள் கையில் இருப்பதைத்தான் சொல்கிறீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அதைத் தரும் வேலையை எந்தப் படிப்பும் செய்யாது. 24,000 ரூபாயை அப்பாவிடம் கொடுத்துவிட்டு 500 ரூபாய்க்குக் காத்திருக்கும் வழக்கம், சம்பளம் 50,000 ஆனாலும் அப்படியேதான் தொடரும்.

கடன் விஷயத்தையும் பார்த்துவிடுவோம். கல்விக் கடனில் பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். ஆக, அப்பாவிடமிருந்து விலகி நிற்க நீங்கள் எடுக்கும் முதல் அடிக்கே பெரும்பாலும் அப்பாவின் கையெழுத்தும் ஒருவேளை வீட்டுப் பத்திரமும் வேண்டியிருக்கும். படிக்கும்போதும் அதன்பின் ஒரு வருடமும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சேர்க்காமலே, 8 லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய் வரும். வேலையை விடுவதால் இரண்டு வருடத்தில் போகும் சம்பளம் 5,76,000. இடையில் கல்யாணம் நடந்தால் அந்தத் தவணையை யார் கட்டுவது என்ற பேச்சு புகுந்த வீட்டில் எழும். இப்போது அப்பாவிடம் விளக்கம் சொல்கிறீர்கள், அப்போது இன்னும் நாலு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

எம்பிஏ வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களின் சில வேலைகளுக்குக் கல்லூரி வளாகத் தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அந்த வாசல் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால் கடன் வாங்கிப் படிப்பதில் அர்த்தம் உண்டு. அதற்கு நவம்பர் கடைசியில் வரும் கேட் (CAT), அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் போன்ற நுழைவுத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். டான்செட் மதிப்பெண் இருந்தால் அரசு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் செலவு குறைந்த இடத்துக்கு முயலலாம். 8 லட்சம் கேட்கும் கல்லூரியிடம், போன வருடம் படித்து முடித்தவர்களில் சம்பள வரிசையில் நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அதிகபட்ச சம்பளத்தைத்தான் விளம்பரப் பலகையில் போடுவார்கள். அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடம் நீங்களே பேசுங்கள். உங்கள் தொழிலில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ஆக, பையரை நேரடியாகக் கையாண்ட அனுபவத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பட்டமும் வேண்டும் என்றால் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே எம்பிஏ படிக்கலாம்.

இதெல்லாம் அடுத்த வருடத்து விஷயம். இந்த மாதம் செய்ய வேண்டியது வேறு.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்று பட்டது. தறி போன பிறகு அவர் நிர்வாகம் செய்ய மிஞ்சியது உங்கள் சம்பளம் ஒன்றுதான். கார்டைத் திருப்பிக் கேட்டால், அதையும் பறிக்கிறாள் என்றுதான் அவர் மனது எடுத்துக்கொள்ளும். அதனால் உரிமையைப் பற்றிய வாதமாக ஆரம்பிக்காதீர்கள். தம்பி பீஸ், பழைய கணக்கு எதுவும் அந்தப் பேச்சில் வேண்டாம். "அப்பா, இனி மாசம் அஞ்சாம் தேதி வீட்டுக்குப் பதினாலாயிரம் நானே கொண்டுவந்து தர்றேங்க. மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். தொகை உங்கள் வீட்டுச் செலவைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். பத்தாயிரமாக இருந்தாலும் சரி. ஆனால் சொன்ன தொகை சொன்ன தேதியில் கைக்குப் போக வேண்டும். அடையாள அட்டையோடு பேங்குக்குப் போய் உங்கள் போன் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள், புது கார்டும் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பேசாமல் இருப்பார். அந்தப் பத்து நாளை நினைத்துத்தான் நாலு வருடமாகக் கார்டைக் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். அவர் பேசாவிட்டாலும் காலையில் "போயிட்டு வர்றேங்கப்பா" என்று எப்போதும்போலச் சொல்லுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். சமாதானத்துக்காகக் கார்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் பேசாமல் இருப்பதற்கெல்லாம் நீங்கள் தப்பு செய்ததாக அர்த்தம் இல்லை. நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், அது சில நாளில் அடங்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஆனால் தூது அனுப்பாதீர்கள். நாப்கினுக்குத் தூது போனவரை இதற்கும் அனுப்பினால் நீங்கள் இன்னும் சிறு பிள்ளையாகத்தான் தெரிவீர்கள். ஒருவேளை மிரட்டலோ அடியோ வந்தால் அது வேறு விஷயம். தயங்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

ஆறு மாதம் சம்பளம் உங்கள் கணக்கில் இருக்கட்டும். எதற்குச் செலவு செய்கிறீர்கள், எவ்வளவு மிஞ்சுகிறது, எந்த வேலை உங்களை இழுக்கிறது என்று அப்போது தெரியும். அதன்பிறகும் எம்பிஏ ஆசை இருந்தால், எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி என்று எழுதுங்கள், சேர்ந்தே யோசிப்போம்.