பெங்களூரில் ஆபீஸ் போய்வர ஹைப்ரிட் கார் வாங்கலாமா? கூடுதல் விலைக்குத் தகுமா?

சில்க் போர்டு பக்கம் தினமும் ஊர்ந்து போகிறவர் என்றால், ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே காரை நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் உள்ள கார்) நல்ல தேர்வு. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரியில் சேமிக்கும். நெரிசலில் பல நேரம் இன்ஜின் அணைந்து மோட்டாரே காரை நகர்த்தும். பெட்ரோல் மிச்சம், பக்கத்தில் பைக்கில் நிற்பவருக்குப் புகையும் குறைவு. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது.

சரி, செலவு? மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், லிட்டருக்கு 12 கி.மீ.க்குப் பதில் 20 கிடைக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சுமார் 40,000 ரூபாய் மிச்சம். காருக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது ஈடாக ஏழரை வருடம் ஆகும். சேலம் நெடுஞ்சாலையிலேயே அதிகம் ஓடும் காருக்கு இன்னும் தாமதமாகும்.

அப்புறம், 'மைல்டு ஹைப்ரிட்' வேறு. அதில் மோட்டார் இன்ஜினுக்கு உதவும், அவ்வளவுதான். பொதுவாகத் தனியாகக் காரை ஓட்டாது. ஷோரூமில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.