மூன்று வாழைப்பழம் என்றால் எந்த மூன்று?

கேள்வி: "மூன்று வாழைப்பழம், ஒன்றரை கப் மைதா" என்று ஒரு அமெரிக்கக் குறிப்பில் இருந்ததை அப்படியே பார்த்துப் பனானா பிரெட் செய்தேன். மணல் மாதிரி உதிர்ந்துவிட்டது. பழத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, விலை கூடுதலான ஏலக்கி என்கிற சின்ன வாழைப்பழம்தான் வாங்கினேன். எங்கே தப்பு? (வாசகி, அல்சூர்)

பதில்: ஏலக்கி வாங்கியதில்தான். குறிப்பு எழுதியவர் நினைத்தது அந்த ஊரில் விற்கும் கேவண்டிஷ் என்ற பெரிய ரகப் பழத்தை. உரித்தால் ஒன்று 110, 120 கிராம் நிற்கும். நம் ஏலக்கியை உரித்தால் 40, 50 கிராம் தேறினாலே அதிகம். 350 கிராம் பழம் விழ வேண்டிய மாவில் நீங்கள் 150 கிராம்தான் போட்டிருக்கிறீர்கள். இந்த பிரெட்டுக்கு ஈரமும் இனிப்பில் ஒரு பங்கும் பழத்திலிருந்துதான் வர வேண்டும். பழம் குறைந்தால் மைதா வேறு என்ன செய்யும், பாவம்.

அடுத்த முறை பச்சைப்பழம் வாங்குங்கள். பெங்களூர்க் கடைகளில் 'பச்சபாளே' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேவண்டிஷ் குடும்பத்துப் பழம்தான் அது, ஏலக்கியைவிட விலையும் குறைவு. ஊரில் டஜன் கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு இங்கே கிலோவில் வாங்குவது முதலில் இடிக்கும். ஆனால் பேக்கிங்குக்கு அதுதான் வசதி. பச்சைப்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தோலே இருக்கும் என்பதால், 350 கிராம் சதை வேண்டுமானால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வாங்க வேண்டும். தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடையான ஹாப்காம்ஸில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசுங்கள்.

இன்னொன்று, அழகான மஞ்சள் பழம் வேண்டாம். தோல் கறுத்து, சாயங்காலம் கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பாரே, அதைக் கேளுங்கள். விலையும் குறைத்துத் தருவார். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடிந்த பழம் அது. காம்பில் பூசணமோ, புளித்த கள் வாடையோ இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். தோல் பளிச்சென்று மஞ்சளாக இருந்தும் உள்ளே விறைப்பாக, இனிப்பே இல்லாமல் இருந்தால் அவசரப்பட்டுப் பழுக்க வைத்தது என்று சந்தேகப்படலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. எப்படியானாலும் அந்தப் பழம் பிரெட்டுக்கு உதவாது.

'கப்' விஷயத்திலும் கவனம் தேவை. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. நம் கடைகளில் 200 மில்லி கப்பும் விற்கிறது, 250 மில்லி கப்பும் விற்கிறது. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. என் கணக்கு இது: மைதா 190 கிராம், மசித்த பழம் 350, சர்க்கரை 120, வெண்ணெயோ எண்ணெயோ 80, முட்டை ஒன்று, சோடா முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை ஆகாதென்றால் 60 கிராம் தயிர். ஐயங்கார் பேக்கரி இருக்கிற ஊரில் முட்டையில்லாமல் கேக் வருமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: பேக்கிங் சோடா என்று தனி டப்பா விலை கூடுதலாக இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஆப்ப சோடா போதாதா? பேக்கிங் பவுடரும் வாங்க வேண்டுமா? (சிவாஜி நகர்)

பதில்: போதும். இரண்டும் சோடியம் பைகார்பனேட்தான், டப்பாதான் வேறு. துணிக்குப் போடும் வாஷிங் சோடா மட்டும் வேறு பொருள், சமையலறைப் பக்கமே அது வரக் கூடாது. கனிந்த பழத்திலும் தயிரிலும் இருக்கும் புளிப்போடு சேர்ந்து சோடா பொங்கும், அதனால் இந்த பிரெட்டுக்குப் பேக்கிங் பவுடர் கட்டாயமில்லை. சோடாவுக்குப் பதில் பவுடரே போடுவதானால் மூன்று மடங்கு போட வேண்டும். சோடா கூடிவிட்டால் சோப்பு வாடை வரும், பிரெட்டும் கறுக்கும். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் மாவு கொஞ்சம் வேகமாகவே எழும்பும். எழும்பி நடுவில் குழி விழுந்தால் சோடாவை இன்னும் ஒரு சிட்டிகை குறையுங்கள்.

பவுடர் வாங்கினால் இருப்பதிலேயே சின்ன டப்பாவாக, தேதி பார்த்து வாங்குங்கள். பழைய டப்பா என்றால் வெந்நீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள், நுரைக்காவிட்டால் வேலை முடிந்தது. சோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கினேன். 180 டிகிரி வைத்தால் மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே இருக்கிறது. விற்றவரிடம் புகார் சொன்னால் "கைப்பக்குவம் சரியில்லை" என்கிறார். திருப்பி எடுக்கவும் மறுக்கிறார். (ஒயிட்ஃபீல்டு)

பதில்: அவர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருக்கலாம், அதை முதலில் தள்ளிவிடுவோம். மேல் கம்பியை அணைத்து, கீழ் கம்பி மட்டும் எரியட்டும். டின் அடுப்பின் நடு உயரத்தில் இருக்கட்டும். காற்றாடி ஓடுகிற மாடல் என்றால் வெப்பத்தை 20 டிகிரி குறையுங்கள். 175 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆகும். அரை மணியில் மேலே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடலாம்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். காலி அடுப்பை 20 நிமிடம் சூடேற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, டயலும் தெர்மாமீட்டரும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது சகஜம். எல்லா அளவுகளிலும் 40, 50 டிகிரி தள்ளியே நின்றால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுது என்று துணிந்து சொல்லலாம். இந்தப் படங்களுக்கு முன்னால் கைப்பக்குவ வாதம் நிற்காது.

பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பில்லையும் அட்டைப்பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் உப்புப் போட்டுச் செய்யலாமா? டூட்டி ஃப்ரூட்டி சேர்க்கலாமா, அது என்ன பழம்? (மர்ஃபி டவுன்)

பதில்: செய்யலாம், ஆனால் நல்ல குக்கரில் வேண்டாம். தண்ணீரில்லாமல் நெடுநேரம் சூடேற்றினால் அடி வளையும், கேஸ்கெட்டும் போகும். அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரமும் இறுக்கமான மூடியும் போதும். டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறம் ஏற்றியது. சேர்க்கலாம், மாவில் போடுகிற சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு.