கிழக்கு ஆப்பிரிக்காவின் பாரம்பரிய இசையை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறார்களே, அதை எப்படிச் செய்கிறார்கள்? பதிவு செய்துவிட்டால் அந்த இசை அழியாமல் இருந்துவிடுமா?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரேடியோ விளம்பரம், தேவாலயப் பாடற்குழு, உள்ளூர் பாப் பாடகர்கள், இவைதான் சோறு போடுகின்றன. ஊர்ப்புறத்து இசையைப் பதிவு செய்ய யாராவது கிளம்பினால் மைக்கையும் வயரையும் தூக்கிக்கொண்டு நானும் போய்விடுவேன். இசை ஆய்வாளன் இல்லை, மைக் பிடிக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்ததாலேயே ஒரு இசை பிழைத்துவிடாது. சத்தம் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். அதைக் கேட்டு நாளைக்கு ஒருவர் வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முக்கால்வாசிப் பதிவுகளை வைத்துக்கொண்டு முடியாது. ஏன் என்று புரிய ஒரே ஒரு வாத்தியத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசின் அரண்மனையில் வாசிக்கப்பட்ட அமடிண்டா என்ற மரக்கட்டை வாத்தியம். லுசம்பியா மரத்தில் செதுக்கிய 12 கட்டைகள். தரையில் போட்ட இரண்டு வாழைமரத் துண்டுகள்மேல் அவற்றைக் குறுக்காக அடுக்கி, நகராமல் இருக்க இடையிடையே குச்சி குத்தியிருப்பார்கள். வாசிப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் ஒரு வரிசையைச் சீராக அடித்துக்கொண்டே போவார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் அந்த அடிகளுக்கு நடுவில் விழும் இடைவெளியில் தன் வரிசையைப் போடுவார். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கணக்கு. ஆனால் நொடிக்கு எட்டு, பத்து அடி விழும். மூன்றாமவருக்கு மேல்கோடியில் இருக்கும் இரண்டு கட்டைகள் மட்டும். கீழ்க்கோடிச் சுரங்கள் இரண்டும் வரும்போதெல்லாம் அவற்றையே மேலே எடுத்துத் தட்டுவது அவர் வேலை.

மூன்று பேரும் சேர்ந்தபிறகு காதில் விழும் மெட்டு, மூவரில் எவருமே வாசிக்காத மெட்டு. மேலே உள்ள சுரங்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் காது தானே கோத்துக்கொள்கிறது. வாசிப்பவருக்கோ தன் வரிசைதான் தாளம், எதிராளி போடுவது எதிர்த்தாளம். எதிராளிக்கும் அப்படியேதான். ஒற்றை மைக்கில் பதிந்த பழைய அமடிண்டா பதிவைக் கேட்டு, யார் எதை அடித்தார் என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. எவரிஸ்டோ முயிண்டா என்ற அரண்மனைக் கலைஞர் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்ததால்தான், 1959-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இசை ஆய்வாளர் கெர்ஹார்டு கூபிக் இந்த விவரத்தையெல்லாம் எழுத முடிந்தது. கூபிக் உட்கார்ந்து அடித்துப் பழகினார். டேப்பை மட்டும் கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இனி முதல் கேள்வி. எப்படிச் செய்கிறார்கள்?

இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய வேலை. 1906-லேயே கார்ல் வொய்லெ என்ற ஜெர்மானியர், இன்றைய தான்சானியாவின் தெற்குப் பகுதியில் மெழுகு உருளையில் பாட்டுகளைப் பதிந்திருக்கிறார். ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஹியூ ட்ரேசி. 1903-ல் இங்கிலாந்தில் பிறந்து, புகையிலை விவசாயத்துக்காக இன்றைய ஜிம்பாப்வேக்கு வந்து, கூட வேலை செய்தவர்களின் பாட்டில் விழுந்தவர். 1950-லும் 1952-லும் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க வண்டியில் சுற்றினார். மைக்கைத் தாங்கியில் நிறுத்தாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, பாடகர் பக்கமும் வாத்தியம் பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்துவார். ஒரே மைக்கில் கலவையைக் கையாலேயே செய்கிற வித்தை அது. இன்றைக்கும் அந்தப் பதிவுகளைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு பெட்டி நிறைய இசைக்கவைகளை (டியூனிங் ஃபோர்க்) வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் சுருதியையும் அளந்து எழுதியும் வைத்தார். சத்தத்தோடு சேர்த்து அளவையும் விட்டுப்போனார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1954-ல் அவர் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம் இப்போது ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பதிவுகளை இருநூறுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள்.

உகாண்டாவில் அதே காலத்தில் கிளவுஸ் வாக்ஸ்மன். ஜெர்மனியில் பிறந்தவர், நாஜிகள் வந்தபிறகு வெளியேறியவர். உகாண்டா அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தபடி நாடு முழுக்கப் பதிவு செய்தார். 1,500-க்கும் மேற்பட்ட பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அருங்காட்சியகத்தில் வாத்தியங்களைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், முயிண்டா போன்றவர்களை வேலைக்கு அமர்த்தி வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டச் செய்தார்கள். அருமையான ஏற்பாடு.

அது எவ்வளவு அவசியம் என்பது 1966-ல் தெரிந்தது. அந்த வருஷம் மே மாதம் நாட்டை ஆண்ட ஒபோட்டேயின் உத்தரவில் இடி அமீன் தலைமையில் ராணுவம் மெங்கோ அரண்மனைக்குள் புகுந்தது. கபாகா, அதாவது புகாண்டா அரசர், தப்பி இங்கிலாந்துக்குப் போனார். 1967-ல் மன்னராட்சிகளே ஒழிக்கப்பட்டன. அரண்மனைக் கலைஞர்கள் சிதறிப்போனார்கள். என்டெங்கா என்று ஒன்று உண்டு: சுருதி சேர்த்த 12 முரசுகள், துணைக்கு மூன்று, ஆறு பேர் வாசிப்பது. அரண்மனைக்கு வெளியே அதற்கு வாழ்க்கையே கிடையாது. 1993-ல் அரச பீடங்கள் திரும்ப வந்தபோது, வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள். பிற்பாடு கியாம்போகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் இசபிர்யே, மிஞ்சிய முதியவரைத் தேடிப் பிடித்து இளைஞர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பழைய பதிவுகள் அப்போது உதவின, ஆனால் துணைக்கருவியாகத்தான்.

இப்போது நாங்கள் செய்கிற முறைக்கு வருகிறேன். உகாண்டாவின் கிழக்கே புசோகாப் பகுதியில் எம்பைரே என்ற பெரிய மரக்கட்டை வாத்தியம் இருக்கிறது, அமடிண்டாவின் பெரியண்ணன். நகிபெம்பே என்ற ஊர் அதற்குப் பேர்போனது. முதலில் தரையில் நீளமாகக் குழி தோண்டுவார்கள். குழியின் இரண்டு விளிம்பிலும் வாழைமரத்தைக் கிடத்தி, அதன்மேல் இருபதுக்குச் சொச்சம் கட்டைகள்.  ஆறேழு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அடிப்பார்கள். குழிதான் ஒலிப்பெட்டி. அந்த அடிநாதம் காதுக்கு முன் காலில் தெரியும்.

இதற்கு எங்கே மைக் வைப்பது? மேலே உயரத்தில் ஜோடியாக இரண்டு மைக் வைத்தால் கேட்கிறவர்களுக்கு அழகான கலவை கிடைக்கும். நல்லதுதான், அதுவும் வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு ஒவ்வொரு ஆள் பக்கமும் ஒரு மைக் வேண்டும். குழியின் வாயில் ஒன்று. நேர் மேலிருந்து கைகளை மட்டும் எடுக்கும் கேமரா ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியம், முழுப் பாட்டும் முடிந்தபிறகு ஒவ்வொருவரையும் தனியாக அவரவர் பகுதியை வாசிக்கச் சொல்லிப் பதிவது. சிலருக்கு அது வரவே வராது. எதிராளி அடிக்காமல் தன் பகுதி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்று சிரிப்பார்கள். அப்போது எதிராளியை மெதுவாகத் தொடையில் தட்டச் சொல்லி, இவரை வாசிக்க வைப்போம். அந்த ஐந்து நிமிடப் பதிவை யாரும் ஆல்பத்தில் போட மாட்டார்கள். எனக்கு அதுதான் உயிர்.

கென்யாவின் லுவோ மக்களின் நியாடிடியும் இப்படித்தான். எட்டு நரம்பு யாழ். வாசிப்பவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் மாட்டிய இரும்பு வளையத்தால் வாத்தியத்தின் கட்டையிலேயே தாளம் தட்டுவார். கணுக்காலில் சலங்கை வேறு. புதிதாக வருகிற ஆள் நரம்புக்கும் குரலுக்கும் மைக் வைத்துவிட்டுப் போய்விடுவார். கால்தான் பாட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அதற்கு ஒரு மைக் தனியாக வேண்டும்.

சேவல், ஆடு, குழந்தைகள், தகரக் கூரையில் விழும் மழை, போடா போடா எனப்படும் வாடகை பைக்குகள், இவற்றோடு ஓயாத சண்டை. சேவலை நான் விட்டுவிடுவேன். பைக்கை நிறுத்தச் சொல்வேன். காற்று இரைச்சல் விழாமல் இருக்க மைக்குக்கு உரோம உறை கட்டாயம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். இரண்டு சேனலுக்கு மணிக்கு ஒரு ஜிபி அளவு வரும். எம்பி3-யில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை, மெமரி கார்டு இன்று மலிவு. அன்று ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல். இரண்டும் வேறு வேறு பையில்.

அப்புறம் நோட்டு. யார் வாசித்தார், யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்தச் சடங்கில் வாசிப்பது, பெண்கள் தொடலாமா கூடாதா, கட்டைக்கு எந்த மரம். இதையெல்லாம் கலைஞரின் வாயாலேயே, அவர் மொழியிலேயே மைக்கில் சொல்ல வைத்துவிட்டால் பிறகு தொலையாது. பெயர் இல்லாத பதிவு அனாதைதான். பழைய தொகுப்புகள் பலவற்றில் சேகரித்தவர் பெயர் பெரிதாக இருக்கும், பாடியவர் வெறும் 'ஆண்கள் குழு'வாக இருப்பார். இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதிந்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது அடுத்தது. நைரோபியின் கெட்டெபுல் மியூசிக்கும் லண்டனின் அபுபில்லா மியூசிக்கும் சேர்ந்து நடத்தும் சிங்கிங் வெல்ஸ் (பாடும் கிணறுகள்) என்ற திட்டம் 2011-ல் தொடங்கியது. வடகென்யாவின் சம்புரு மக்கள் ஆழமான கிணற்றிலிருந்து மாடுகளுக்கு வாளியைக் கைமாற்றிக்கொண்டே பாடுவார்கள், அதிலிருந்து எடுத்த பெயர். ட்ரேசி 1950-ல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களின் ஊர்களில் பதிந்தவற்றின் நகல்களை சிங்கிங் வெல்ஸ்காரர்களும் ட்ரேசியின் நூலகமும் 2014-ல் அதே ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அன்று பாடியவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். அறுபத்துச் சொச்சம் வருஷம் கழித்துத் தங்கள் குரலையே கேட்டார்கள்.

வாக்ஸ்மன் பதிவுகளின் டிஜிட்டல் நகல்களும், பேராசிரியர் சில்வியா நன்யோங்கா-தமுசுசாவின் முயற்சியில் மகெரெரே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டன. இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின்மேல் சைபர் தாக்குதல் நடந்தது. அவர்களுடைய ஒலித் தொகுப்பு இணையத்தில் கிடைக்காமல் போனது. லண்டனில் ஒரே இடத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைத்தவர்கள் அன்று யோசித்திருப்பார்கள்.

பணம் பற்றியும் கேட்பீர்கள். வாசித்தவர்களுக்கு அன்றைக்கே கூலி கொடுத்துவிட வேண்டும். கென்யாவில் செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்பெசா இருப்பதால் கொடுப்பது சுலபம். அனுமதியை எழுத்தில் வாங்குவதோடு, என்ன செய்யப்போகிறோம் என்பதையும் புரியச் சொல்ல வேண்டும். கென்யாவில் 2016 முதல் பாரம்பரிய அறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. உரிமை சமூகத்துக்கு என்பது அதன் அடிப்படை. எங்கிருந்தோ வந்து பதிந்து, பீட் சேர்த்து, தன் பெயரில் விற்கிற ஆட்கள் இன்னமும் வருகிறார்கள்.

காப்பாற்றுவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது பிக்வாலா. புசோகா அரசின் சுரைக்காய்க் கொம்புகள். ஒரு கொம்பில் ஒரு சுரம்தான் வரும். ஐந்தாறு பேர் முறைவைத்து ஊதினால்தான் மெட்டு. 2012-ல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. மறுபடி கற்றுக்கொடுக்கலாம் என்று இறங்கினால், அந்த நீள ஜாதிச் சுரைக்காயையே யாரும் பயிரிடவில்லை. ஆக முதல் வேலை விதை போடுவது, காய்த்துக் காயும்வரை காத்திருப்பது. பிறகுதான் கொம்பு செய்வது, பிறகு ஊதுவது. என் மைக்குக்கு அங்கே மிகக் கடைசியில்தான் இடம். கடைசியில் இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கேட்டுப் பார்க்க ஆசை என்றால் யூடியூபில் சிங்கிங் வெல்ஸ் பக்கம் இருக்கிறது, நகிபெம்பே குழுவின் எம்பைரேப் பதிவுகளும் கிடைக்கின்றன. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதிக் கட்டை காணாமல் போய்விடும். ஒரு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.